ஹைமா சாலையில் ஐந்து செகண்டு

"லிஃப்டரை மாட்டினது நான். நீங்க ஏன் உஸ்தாத் பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

மீரான் பாய் காலை ஏழு மணிக்கு இதைக் கேட்டார். இரவு முழுக்க அவர் தூங்கவில்லை.

லூர்து ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க பாய். எஞ்சினை இறக்குவோம்."

ஓமானில் ஆதம் என்ற ஊரோடு வீடுகள் முடிந்துவிடும். அதன் பிறகு பாலைவனச் சாலைதான். அடுத்த ஊரான ஹைமாவுக்குப் போய்ச்சேர மூன்று மணி நேரம் ஆகும். அந்தச் சாலையின் வாயிலில் லூர்துவின் பட்டறை இருந்தது.

லூர்து தூத்துக்குடிக்காரர். வயது முப்பத்து நாலு. பட்டறையில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத், அதாவது ஆசான்.

மீரான் பாய்க்கு ஐம்பத்தெட்டு. மேலப்பாளையத்தில் முப்பத்தோரு வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். தெருமுனையில் லாரி திரும்பும்போதே, உள்ளே எந்த வால்வின் டேப்பட் தேய்ந்து போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவ்வளவு காது. பட்டறை இருந்த இடத்தில் மேம்பாலம் வந்தபோது வேறு வழியில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். தன்னைவிட இருபத்து நாலு வயது சின்னவரிடம் தொழில் படிக்க அவருக்கு வெட்கமில்லை. காது மேல் இருந்த கர்வம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

நடந்தது இதுதான்.

ஸாலிம் என்ற ஒட்டகக்காரர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அன்றைக்கு லூர்து மஸ்கட் போயிருந்தார்.

மீரான் பாய் காதை வைத்தார். இடதுபக்கம், இரண்டாவது சிலிண்டர். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். சொன்ன இடத்தில், வால்வைத் திறக்கும் லிஃப்டர் ஒன்று மடங்கிக் கிடந்தது.

ஒன்றுதான் போயிருக்கிறது, ஒன்றை மாற்றினால் போதும் என்றார். பதினாறு லிஃப்டரையும் அவற்றை ஏற்றி இறக்கும் கேம் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏழை வயிற்றில் அடிப்பது என்று நினைத்தார். லிஃப்டர் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கேம் பளபளவென்று இருந்தது. மூடிவிட்டார்.

சத்தம் நின்றது. ஸாலிம் அவர் கையைப் பிடித்து துஆ செய்துவிட்டுப் போனார்.

நாற்பது நாள் கழித்து அந்த வண்டி பாலைவனத்தில் நின்றது.

ஒட்டகங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காலித் தொட்டியோடு திரும்பும் வழி. கூட ஆறு வயது மகள் ஷம்ஸா. கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். காலை பத்து மணி முதல் பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரை வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். இரண்டு பாட்டிலையும் ஸாலிம் மகளுக்கே கொடுத்துவிட்டார்.

எண்ணெய்க் கிணற்று வண்டி ஒன்று அந்தப் பக்கம் வந்ததால் பிழைத்தார்கள்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஸாலிம் வந்தார். உதடு வெடித்திருந்தது. பட்டறை வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டார்.

"யார் மாட்டியது?"

மீரான் பாய் வாயைத் திறப்பதற்குள் லூர்து முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நான்."

ஸாலிம் லூர்துவைப் பார்த்தார். பின்னால் நின்ற மீரான் பாயைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எஞ்சின் இறங்கியது. ஆயிலை வடித்தபோது அது வெயிலில் மின்னியது.

"என்ன இது, உஸ்தாத்? ஜிகினா மாதிரி?"

"கேம் ஷாஃப்ட்."

இரும்பு அரைபட்டு மாவாகி, ஆயிலில் கரைந்து, எஞ்சின் முழுக்கப் போயிருந்தது.

லூர்து கேம் ஷாஃப்டை உருவித் துடைத்து, மீரான் பாயின் மடியில் வைத்தார். லிஃப்டரைத் தூக்கும் மேடுகளில் இரண்டு தேய்ந்து மொட்டையாகிவிட்டிருந்தன. லூர்து அவற்றை விட்டுவிட்டு, நன்றாக இருந்த ஒன்றைக் காட்டினார்.

"இதை நகத்தால தடவுங்க."

தடவினார். "வழுவழுன்னு இருக்கு."

"கண்ணை மூடிட்டுத் தடவுங்க."

தடவினார். "ஒண்ணுமில்லையே."

"மூச்சை அடக்கிட்டுத் தடவுங்க."

அப்போது நகம் எதிலோ தட்டியது. முடியைவிட மெல்லிய ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்கு அதில் வேலையே இல்லை.

மீரான் பாய் கண்ணைத் திறந்தார்.

"அன்னைக்கு நான் பாத்த கேமும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும்."

புதுச் சாமான்கள் மஸ்கட்டிலிருந்து வர பத்து நாள் ஆயிற்று. கேம் ஷாஃப்ட், பதினாறு லிஃப்டர், ஆயில் பம்ப், பேரிங். லூர்துவின் மூன்று மாத வருமானம் அதில் போனது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"உஸ்தாத், என்னை நாலு வார்த்தை திட்டிடுங்களேன்."

லூர்து ஒரு புது லிஃப்டரை அவர் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அளவு.

"அமுக்குங்க."

அமுக்கினார். கல் மாதிரி நின்றது.

லூர்து அதன் பக்கவாட்டில் இரண்டு ஊசிமுனைகளை வைத்து, உள்ளே இருந்த குட்டி ஆணிகளைத் தள்ளிப் பிடித்தார்.

"இப்ப அமுக்குங்க."

லிஃப்டர் தன்னுள்ளேயே மடங்கியது. ஊசிகளை எடுத்ததும் 'டக்'கென்று மேலே வந்து, மறுபடியும் கல்லாக நின்றது.

"வண்டி சமதரையில லேசா ஓடும்போது எட்டு சிலிண்டர் எதுக்கு? நாலு தூங்கும். ஆயில் வந்து இந்த ஆணியைத் தள்ளும், இது மடங்கிக்கும். கேம் சுத்தும், ஆனா வால்வு திறக்காது. ரோட்டுல மேடு வந்துட்டா ஆயில் விலகும். ஆணி வெளியே வரும். இது எழுந்து நின்னாகணும்."

"எவ்வளவு நேரத்துல?"

"கேம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள."

மீரான் பாய் அந்தக் கட்டைவிரல் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி மடக்கினார். மறுபடி எழவிட்டார்.

லிஃப்டர்களை எல்லாம் எஞ்சினில் இறக்கினார்கள். ஹெட்டை இன்னும் மூடவில்லை. லூர்து நீளக் கம்பியை எஞ்சினைச் சுற்றும் கிராங்க் தண்டில் பொருத்தினார்.

"கையால சுத்துங்க பாய். இந்த ஒரு லிஃப்டரை மட்டும் பாருங்க. நூறு தடவை அது எழணும்."

அது ஒரு தடவை எழ, கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

மீரான் பாய் சுற்றினார். லிஃப்டர் மெல்ல மேலே வந்தது, மெல்ல இறங்கியது. ஒன்று. மறுபடி வந்தது. இரண்டு. இருபதில் சட்டை நனைந்தது. நாற்பதில் தோள் கடுத்தது. லூர்து உதவிக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து அதே லிஃப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்து மூன்றில் மீரான் பாயின் கை நின்றுவிட்டது.

"முடியலை உஸ்தாத். அறுபத்தி மூணு."

"ஹைமா ரோட்டுல இந்த அறுபத்தி மூணு வெறும் அஞ்சு செகண்டு."

மீரான் பாய் நிமிர்ந்தார்.

ஐந்து செகண்டு. ஹைமாவுக்கோ மூன்று மணி நேரம். இது ஒரு லிஃப்டர். இன்னும் பதினைந்து இருக்கின்றன. கணக்குப் போடத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டார். கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மேலப்பாளையத்தில் எத்தனை ஆயிரம் லாரிகள் அவர் முன்னால் நின்று உறுமியிருக்கும்! அத்தனையிலும் அவர் கெட்டுப்போன ஒன்றை மட்டுமே தேடிக் கேட்டிருக்கிறார். கெடாமல் எழுந்தவை கோடிக்கணக்கில் இருந்திருக்கும். ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

தன்னை அறியாமல் இடது மார்பில் கையை வைத்துக்கொண்டார். அங்கேயும் ஒன்று எழுந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"முப்பத்தோரு வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்கும் அடிக்கடி மறந்துபோகுது பாய். அதான் ஹெட்டை மூடுறதுக்கு முந்தி கையால சுத்திப் பாப்பேன்."

மீரான் பாய் தரையிலிருந்து எழுந்தார்.

"சரி உஸ்தாத். அன்னைக்கு ஏன் முன்னால வந்து நின்னீங்க?"

"ஹெட்டை மூடணும், கேஸ்கெட்டை எடுங்க" என்றார் லூர்து.

ஸாலிம் வண்டியை எடுக்க வந்தார். ஷம்ஸாவும் வந்திருந்தாள். லூர்து உள்ளே யாருடைய வண்டிக்கோ அடியில் படுத்திருந்தார்.

மீரான் பாய் நேராக ஸாலிம் முன்னால் போய் நின்றார். தெரிந்த அரபியைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னார்.

"அன்றைக்கு மாட்டியது அவர் இல்லை. நான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்றைக்குச் சாவியை உங்கள் கையில்தானே கொடுத்தேன்?"

மீரான் பாய் கேட்டார்.

"அப்படியானால் அவர் சொன்னபோது ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"கோபத்தோடுதான் வந்தேன். உங்களை அடித்திருப்பேன். அவர் குறுக்கே வந்து நின்றார்." ஸாலிம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "நின்றவரைத் தாண்டி எனக்குக் கை வரவில்லை."

மேஜைமேல் சாவி இருந்தது. ஸாலிம் அதை எடுத்தார். மீரான் பாயின் கையில் வைத்தார்.

"ஹைமா வரை நீங்களே ஓட்டுங்கள். என் தம்பி அங்கே இருக்கிறான். சாயங்காலம் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவான்."

"நானா?"

ஸாலிம் மகளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டார். தான் பின்சீட்டில் ஏறி நீட்டிப் படுத்தார். தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மீரான் பாய் சாவியைத் திருப்பினார். எட்டு சிலிண்டரும் எழுந்தன.

ஊர் முடிந்தது. சாலை நேராக வானத்துக்குள் போனது. இரண்டு பக்கமும் வெளிறிய மண். வேறு ஒன்றுமே இல்லை. வண்டி வேகம் பிடித்து, பிறகு சீரானது.

எந்த நிமிஷத்தில் நாலு தூங்கும் என்று கேட்டுவிட வேண்டும். மீரான் பாய் மூச்சை அடக்கிக் காதைக் கூர்மையாக்கினார். தெருமுனை லாரியைக் கண்டுபிடித்த காது.

ஐந்து கிலோமீட்டர். பத்து. இருபது. ஒரு குலுக்கல் இல்லை. ஒரு சத்தம் மாறவில்லை. பக்கத்தில் ஷம்ஸா எப்போதோ உறங்கியிருந்தாள். பின்னால் ஸாலிமின் குறட்டை.

தற்செயலாக மீட்டர் பலகையைப் பார்த்தார். அங்கே, ஓடும் சிலிண்டர்களின் கணக்காக, சின்னதாக ஒரு பச்சை எண் எரிந்துகொண்டிருந்தது.

நாலு.

எப்போது தூங்கின? எவ்வளவு தூரமாக மற்ற நாலும் மூன்று பேரையும் சுமந்துகொண்டு வருகின்றன? அன்றைக்கு வாசலில் குறுக்கே வந்து நின்றவரும் இப்படித்தான், சத்தமில்லாமல் சுமந்தார்.

"உஸ்தாத்!" என்றார் மீரான் பாய், ஆளில்லாத சாலையைப் பார்த்து.