முன்னாள் கவுன்சிலரின் கார் சாவி

“என் காருக்கு என்கிட்டயே ஆர்.சி. புக் கேக்குறியா?”

கல்யாண மண்டப வாசலில் முன்னாள் கவுன்சிலர் மருதப்பன் கத்தினார். சாவியைத் தொலைத்துவிட்டு, வேறு சாவி போட என்னைக் கூப்பிட்டவரே அவர்தான். என் மெஷின் பையைப் பிடுங்கிக்கொண்டார். “பத்து நிமிஷத்துல சாவி வரணும். இல்லன்னா பை கிடையாது.”

பை போனால் என் பிழைப்பே போச்சு.

“சரிங்கண்ணே, போடுறேன். ஆனா மெஷினை வச்சு புதுச் சாவியைக் கார் கம்ப்யூட்டர்ல பதிஞ்சா, பழசு எதுவுமே வேலை செய்யாது. வீட்டுல இருக்கிற இன்னொரு சாவியும்தான். பரவாயில்லையா?”

அவருக்கு வேர்த்துவிட்டது. “ஐயய்யோ, வேணாம்டா! கார் மச்சானோடது. அவனுக்குத் தெரியாம ஓட்டிட்டு வந்துட்டேன்.”

பையை என் கையில் திணித்து, வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னார்.

போனேன். வாயை மூடவில்லை.