அறுபத்தெட்டு மணிப் பொடியன்

ஈரத்துணியை எடுக்காதடி யாழி, நெத்தியிலேயே இருக்கட்டும். கண்ணை மூடிக்கிட்டு கேளு. ம் கொட்டணும், கொட்டலைன்னா பெரியம்மா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொடியன் இருந்தான். எந்த ஊரா? உன் உடம்புக்குள்ளதான். கண்ணுக்கே தெரியாத ஊரு, அந்த மாதிரி கோடி கோடி ஊரு உனக்குள்ள இருக்கு. அங்க ஆளுங்க உடம்பெல்லாம் கோத்த மணிதான். ஒருத்தனுக்கு ஐந்நூறு மணி, ஒருத்தனுக்கு ஆயிரம். நம்ம பொடியனுக்கு வெறும் அறுபத்தெட்டு. நூறு மணி இல்லாதவன் பேரை ஊர்ப் பட்டியல்லயே எழுத மாட்டாங்க, குப்பைன்னு தள்ளிருவாங்க. ம் எங்கடி?

அப்புறம், ஊர் நடுவுல ஒரு பெரிய வீடு. அங்கேருந்து இதைச் செய்யி, அதைச் செய்யின்னு சீட்டு வரும். ஒவ்வொரு சீட்டுக்கும் தலையில ஒரு தொப்பி. தொப்பி இருக்கிற வரைக்கும் அதைப் படிச்சுப் படிச்சு வேலை நடக்கும். போதும்னா தொப்பிகழட்டின்னு ஒருத்தன் வந்து டபக்னு தொப்பியைப் பிடுங்குவான். அப்புறம் சீட்டைக் கறுக்கு முறுக்குன்னு கடிச்சுத் தீர்த்துருவாங்க.

ஒரு நாள் கிருமி வந்திருச்சு. உடனே "சூடு ஏத்து"ன்னு சீட்டு வந்துச்சு. திகுதிகுன்னு சூடு ஏறி, கிருமி செத்தே போச்சு. ஆனா சீட்டோட தொப்பியை யாரும் பிடுங்கலை. சூடு ஏறிக்கிட்டே இருக்கு, ஊரே வெந்துரும் போல ஆயிருச்சு.

தொப்பிகழட்டிங்க எங்க? ஒரு மூலையில ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டி, உருண்டையா, கொர் கொர்னு தூங்குறாங்க.

அப்போ ஆயிரம் மணிக்காரன் போய் தொம் தொம்னு இடிச்சான். உருண்டை அசையலை. அப்புறம் ஐந்நூறு மணிக்காரன் இடுக்குல கையை விட்டான், கை மாட்டிக்கிட்டு ஐயோ அம்மான்னு அலறுறான். அப்போ பொடியன், "நான் போறேன்"ன்னான்.

"நீ பட்டியல்லயே இல்லையேடா."

"பட்டியலா வேகுது? ஊருதானே வேகுது"ன்னான்.

சர்ர்ருனு உள்ள நுழைஞ்சான் பாரு! ஒவ்வொருத்தன் விலாவுலயும் கிச்சுகிச்சு மூட்டினான். ஒட்டினதெல்லாம் விட்டு, உருண்டை பொலபொலன்னு உதிர்ந்துச்சு. ஓடினாங்க தொப்பிகழட்டிங்க. டபக், டபக், டபக். கறுக்கு முறுக்கு. சூடு இறங்கிருச்சு.

என்ன? அவனைக் குப்பைன்னு தள்ளினது யாரா? நான்தாண்டி. அந்த மணி ஆளுங்களுக்கு லேப்ல புரதம்னு பேரு, நாலு வருஷமா அவங்க பட்டியலை எழுதுறது நான்தானே? நூறு மணிக்குக் கீழ வந்ததை எல்லாம் பார்க்காமலே அழிச்சேன். போன மாசம்தான் ஒரு பொடியன் கண்ணுல பட்டான். சந்தோஷத்துல கத்திட்டேன், அப்புறம் வெட்கமா போச்சு.

கோவமா அவனுக்கு? தெரியலையேடி. காய்ச்சலை இறக்குறது அவன்தானான்னும் எனக்குத் தெரியாது, அது கதைக்குச் சொன்னது.

இரு, கழுத்தைக் காட்டு. அடியே, வேர்க்குதுடி உனக்கு. ஜில்லுனு இருக்கு. மூணு நாளா எனக்கு உசுரே இல்லை, தெரியுமா? எவன் இறக்கினானோ, நல்லா இருக்கட்டும். நாளைக்கு லேப்புக்குப் போனதும் முதல்ல பொடியனுங்க பேரையெல்லாம் எழுதிடுறேன்.

சீட்டு கிழிஞ்சுது, சூடு இறங்குச்சு, கதையும் கரைஞ்சுது. தூங்குடி தங்கம்.