நூல் கட்டிய சேவல் முட்டையிட்டது

கோவில்பட்டிப் பக்கத்தில் வேலுக்கனி என்றொருத்தி, ஒரு கோழிக்குஞ்சின் திமிரை நம்பிச் சாமியிடம் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கதைதான் இது. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்.

முதலில் வேலுக்கனியிடம் சொந்தக் கோழியே கிடையாது. பக்கத்து வீட்டு முத்துக்கிளிதான் ஒரு பெட்டைக்கோழியை அவளிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டிருந்தாள். கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பது இன்னொருத்தி. பொரிக்கிற குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு, பாதி வளர்த்தவளுக்கு. அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட வழக்கம் இது. அப்படிப் பங்கில் வந்த குஞ்சுகள் வேலுக்கனியின் புறவாசலில் ஓடித் திரிந்தன.

ஐப்பசியில் அவள் புருஷன் அய்யாத்துரை தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். போன வழியெல்லாம் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். போன் போட்டால் போகவில்லை. வேலுக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. புறவாசலுக்கு ஓடி, தன் பங்குக் குஞ்சுகளில் ஒன்றைப் பிடித்தாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மற்றவற்றையெல்லாம் கொத்தி விரட்டுகிற குஞ்சு அது. இவ்வளவு திமிர் இருந்தால் சேவலாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அதன் காலில் சிவப்பு நூலைக் கட்டினாள்.

"கருப்பசாமி, இது இனிமே ஒன்னோடது. வளக்கது மட்டுந்தான் நான். அவுக நல்லபடியா வந்து சேரட்டும், கூவுற சேவலா ஒன் வாசல்ல கொண்டாந்து விடுதேன்."

அந்த வாரமே அய்யாத்துரை சேறும் தாடியுமாக வந்து இறங்கினான்.

அதற்கப்புறம் அந்தக் குஞ்சுக்கு வந்த வாழ்வைக் கேட்க வேண்டுமா? சாமிக்கு நேர்ந்ததை விரட்டக்கூடாது. அது சுளகில் ஏறி நின்று அரிசி தின்றது. அய்யாத்துரையின் வெள்ளைச் சட்டைமேல் எச்சமிட்டது. சாமி சேவல் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். கொண்டை மட்டும் வளருகிற வழியாகக் காணோம். வயசு வரட்டும் என்றாள் வேலுக்கனி.

சித்திரையில் வயசு வந்தது. ஒரு காலையில் சாமி சேவல் விறகு மூலையில் புகுந்துகொண்டு தெருவையே கூட்டுகிற மாதிரிக் கேறியது. முத்துக்கிளிதான் முதலில் ஓடிப்போய்க் கையை விட்டாள். சூடாக ஒரு முட்டை.

"ஏட்டி வேலு, ஒன் சேவலு முட்ட போட்டிருக்கு."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. வேலுக்கனி மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நாள் பக்கத்து ஊர் லோடு மட்டும் ஓட்டிய அய்யாத்துரை, வைகாசியில் மறுபடி வடக்கே புறப்படுகிறான். வாக்கைக் காப்பாற்றாமல் அவனை எப்படி வண்டியேற விடுவது? கருப்பசாமி கோயிலிலோ பெட்டையை வாங்குகிற வழக்கமே இல்லை.

அய்யாத்துரை சும்மா இருக்கவில்லை. சந்தைக்குப் போய், கூவுகிற சேவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "சாமி கேட்டது சேவல். இந்தா இருக்கு, விட்டுருவோம். முட்ட போட்டது நம்ம வீட்டுக் கோழியாவே இருக்கட்டும்."

முத்துக்கிளி அதற்குள் பெட்டையைக் கூடை போட்டு அமுக்கிவிட்டாள். "நூலு கட்டுனது இதோட கால்லதான. பூசாரி வாங்காட்டி என்ன, கோயில் காட்டுல நானே விட்டுட்டு வாரேன்."

வேலுக்கனி கூடையைப் பிடுங்கினாள். சந்தைச் சேவலையும் கோயிலுக்குக் கொண்டுபோக விடவில்லை. அது புறவாசலிலேயே தங்கிப் பெட்டையோடு மேய்ந்தது. முட்டைகளை யாரையும் தொடவிடாமல் சேர்த்து, பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும் மணல் பரப்பிய கூடையில் வைத்தாள். அப்புறம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டாள். "இது பொரிக்கிற குஞ்சுல ஒரு சேவல் ஒனக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி."

"சாமி கோழி பொரிச்ச குஞ்சும் சாமிக்குத்தான சொந்தம்?" என்று மடக்கினாள் முத்துக்கிளி. "அவரு பொருள அவருக்கே குடுத்தா நீ என்னத்தக் குடுத்த?"

"பொரிக்கட்டும் மதினி, சொல்லுதேன்" என்றாள் வேலுக்கனி. கோழி அடையில் இருக்கும்போதே வைகாசி பிறந்தது. அவள் அய்யாத்துரைக்குத் திருநீறு பூசி வண்டியேற்றி அனுப்பினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சேவல் வாங்கி வந்தவன், நூல் கட்டியதையே விடப்போனவள், அடை வைத்தவள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேலுக்கனி செய்ததுதான் சரி. நூல் கட்டி, "இது ஒன்னோடது" என்று சொன்ன அன்றே பெட்டை சாமியுடையதாகிவிட்டது. ஆகவே அதைச் சொந்தமாக்கிக்கொண்டு மாற்றுச் சேவல் கொடுக்க அய்யாத்துரைக்கு உரிமை இல்லை. கூவாத கோழியைக் காட்டில் நரிக்கு விட்டால் வாக்கும் நிறைவேறாது, வளர்ப்பேன் என்ற சொல்லும் போய்விடும். சாமி கோழிக்காரர், வேலுக்கனி வளர்ப்பவள் என்றால், வாரக் கணக்குப்படி குஞ்சில் பாதி அவளுடையது. முத்துக்கிளியே அவளோடு வைத்துக்கொண்ட வழக்கம்தான். குஞ்சு பொரித்ததும் வேலுக்கனி சாமி பங்கைத் தனியாகப் பிரித்து வளர்த்தாள், தன் பங்கிலிருந்துதான் சேவலைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் அது முதல் தடவை கூவியபோது அய்யாத்துரை நல்லபடியாகத் திரும்பி வந்து புறவாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலுக்கனி அந்தக் கூவலைக் காதாரக் கேட்ட பிறகுதான் இந்தத் தடவை நூலைக் கையில் எடுத்தாள்.