நெட் கொடுத்த கை

கோபியில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து, பேரப்பிள்ளைகள் நெட் பார்க்கக் கூடாதென்று டிவி, டேப்லெட், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டார். அப்படியும் பிள்ளைகள் புதுப்புது வீடியோக்களைப் பற்றிப் பேசினார்கள். பழி, வீட்டில் சமையல் செய்யும் பூவாத்தாள் மேல் விழுந்தது.

“உன் போனைத்தானே குடுக்கிற? இல்லேன்னா யாருன்னு இன்னிக்கே காட்டு. காட்டலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்றார் நாச்சிமுத்து ஐயா.

பூவாத்தாள் நிதானமாகச் சொன்னாள்: “சாப்பிட்டதும் எப்பவும்போலப் படுங்க. தூங்காமக் கண்ணை மட்டும் மூடிக்குங்க. குடுக்கிற கையை நீங்களே கண்டுபுடிச்சிரலாமுங்க.”

ஐயா படுத்துப் பொய்க்குறட்டை விட்டார். பேத்தி பூனைபோல வந்து, அவர் கட்டைவிரலைத் தூக்கி அவர் போன்மேலேயே அழுத்தினாள். போன் திறந்தது. ஐயாவும் கண்ணைத் திறந்தார்.

வாசலில் நின்ற பூவாத்தாள் கேட்டாள்: “கை யாரோடதுங்க ஐயா?”

ஐயா இப்போது மத்தியானத்தில் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குகிறார்.