தண்ணீரைத் தெளிய வைத்த பேச்சு

குடிநீர் நிலையத் திறப்பு விழாவில், கலெக்டருக்குக் காட்ட வைத்த கண்ணாடிச் சாடியில் ஆற்றுத் தண்ணீர் ஒரே சேறாக இருந்தது. பேரூராட்சித் தலைவர் தணிகாசலம், நிலைய ஊழியை செங்கமலத்தின் மேல் பாய்ந்தார்.

“நான் ரெண்டே வார்த்தை பேசுவேன். அதுக்குள்ள இது தெளியலேன்னா உனக்கு வேலை கிடையாது.”

“தாராளமாப் பேசுங்க தலைவரே.”

அந்த இரண்டு வார்த்தையின் நீளம் ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. செங்கமலம் படிகாரக் கரைசலை ஊற்றி, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். தலைவர் தம் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் தம் பிறப்பை எட்டியபோது, தண்ணீர் பளிங்காக இருந்தது.

கலெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “எப்படிம்மா?” என்றார்.

“படிகாரம் சேற்றைப் பஞ்சுபஞ்சாத் திரட்டிடும் ஐயா. அது அடியில படுக்க அரைமணி நேரம் அசையாம இருக்கணும். தலைவர் பேச்சுல கூட்டமே படுத்துடுச்சு, சேறு எம்மாத்திரம்?”