வெட்டக் கொடுக்காத மட்கார்டு

கோத்தகிரியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. எப்சிபா என்ற பெண்ணின் கார் அது. அவள் பிளம்ஸ், பீச் பழங்களில் ஜாம் காய்ச்சி, கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, மலையிறங்கி மேட்டுப்பாளையத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பின் சீட்டை மடக்கிப் பெட்டிகளை ஏற்றினால் காரின் பின்பக்கம் நன்றாக அமுங்கிவிடும். ஆனாலும் கார் முனகியதில்லை. அதன் இரும்புச் சக்கரங்கள் ஒடுக்கமானவை. மட்கார்டுக்கு உள்ளே அடக்கமாக நின்று, அவை பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும்.

எப்சிபாவின் தம்பி எலியேசருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"டயரெல்லாம் உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு நிக்குதுக்கா. பாக்கவே நோஞ்சான் மாதிரி இருக்கு" என்பான்.

அக்காவின் பிறந்தநாளுக்கு அவன் நான்கு புது அலாய் சக்கரங்களை வாங்கி வந்தான். கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளத்தன. பழையவற்றைவிட இரண்டு அங்குலம் அகலம். ஆஃப்செட்டும் குறைவு. சக்கரத்தின் நட்டநடுவிலிருந்து, அது காரோடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதற்குத்தான் ஆஃப்செட் என்று பெயர். அந்த அளவு கூடினால் சக்கரம் காருக்குள்ளே ஒதுங்கும். குறைந்தால் வெளியே துருத்தும். இந்தச் சக்கரங்கள் அகலத்தாலும் துருத்தின, ஆஃப்செட்டாலும் துருத்தின.

"ரெண்டு விரல் வெளிய நிக்கும் தம்பி. அதுதான் கெத்து" என்று சொல்லிப் பூட்டிக் கொடுத்தார் சக்கரக்கடை கனகு.

எப்சிபா காரைச் சுற்றி வந்து பார்த்தாள். தம்பியின் முகத்தையும் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

அன்று முதல் காருக்குள் பேச்சு மாறியது.

முதலில் வாய் திறந்தது பேரிங். அச்சோடு சக்கரத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அது, பயந்த சுபாவம் கொண்டது.

"ஐயா, கொஞ்சம் உள்ளே வர முடியுமா? நீங்கள் இவ்வளவு தள்ளி நின்றால் பாரமெல்லாம் என் கழுத்தில் தொங்குகிறது."

"பழகிவிடும்" என்றது புதுச் சக்கரம்.

"பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து இழுக்கிறாயே" என்றது ஸ்டீயரிங்.

"பிடியை இறுக்கிக்கொள். எதற்கெடுத்தாலும் புலம்பாதே."

முன்பக்கம், சக்கரத்துக்கு உட்புறமாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தது. எஞ்சினுக்குள் சேறு புகாமல் காப்பது அதன் வேலை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் புது டயர் அதில் போய் உரசியது. எலியேசர் காரைக் கடைக்கு ஓட்டிப் போனான். கனகு ஒரு கத்தியால் தகட்டில் ஒரு துண்டை அறுத்து எறிந்தார். தகடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"பார்த்தீர்களா, எவ்வளவு சமர்த்து! எல்லாரும் இப்படி இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை" என்றது சக்கரம்.

அந்த வாரம் எப்சிபா பத்துப் பெட்டி ஜாமை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வலதுபுறம் ஒடியும் வளைவுகளில் கார் இடப்பக்கம் சாய்ந்தது. அப்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு கீச்சொலி கேட்டது. பின்பக்க இடது மட்கார்டின் விளிம்பை டயர் உரசிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் அக்காவும் தம்பியும் காரைக் கனகுவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

"இதுக்கா பயந்தீங்க? சனிக்கிழமை வண்டியக் கொண்டு வாங்க. மட்கார்டு விளிம்ப வெட்டி விட்டுட்டா சத்தம் நின்னுரும்" என்றார் கனகு.

எலியேசர் சரி என்றான்.

ஷெட்டுக்குள் கார் நின்றிருந்தபோது சக்கரம் மட்கார்டைப் பார்த்துச் சொன்னது: "சனிக்கிழமை ஒரு நிமிட வேலைதான். உனக்கு வலிக்கக்கூட வலிக்காது."

"முடியாது" என்றது மட்கார்டு.

காருக்குள் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. சக்கரத்துக்கு முதலில் புரியவே இல்லை.

"என்ன முடியாது?"

"வெட்டிக்கொள்ள முடியாது."

"விளிம்பில் ஒரு நகத்தளவு. அதற்கா இந்த வீம்பு?"

"இந்த விளிம்புதான் என்னை நேராக நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் நான் வெறும் தகரம். மழைத் தண்ணீர் ஏறும், துருப் பிடிக்கும், ஒரு கல் பட்டால் நெளிவேன். அதுகூடப் போகட்டும். நான் இந்த இடத்தில்தான் பிறந்தேன், இந்த அளவில்தான் பிறந்தேன். நீ நேற்று வந்தாய். வரும்போது இங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயா?"

"நான் ஏன் கேட்க வேண்டும்? தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். உன்னை யார் பார்க்கிறார்கள்?"

"பார்க்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை."

பேரிங் இடையில் புகுந்தது. "எதற்கப்பா வம்பு? நாங்களெல்லாம் அனுசரித்துப் போகவில்லையா?"

"அனுசரித்தாய். பாரம் குறைந்ததா?" என்று கேட்டது மட்கார்டு.

சக்கரம் குரலைத் தாழ்த்தியது. "சரி, வெட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். மலையிறக்கத்தில் நீ டயரைக் கிழித்து வைத்தால் கார் பள்ளத்துக்குப் போகும். ஓட்டுகிறவளும் போவாள். பழி உன் மேல்தான் விழும்."

எப்சிபாவை மட்கார்டுக்குப் பிடிக்கும். மழையில் ஓட்டி வந்தால் மறுநாள் காலையிலேயே சேற்றைக் கழுவித் துடைத்துவிடுபவள் அவள். அவளுக்கு ஒன்று ஆனால்? விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு நினைத்துப் பார்த்தது. இன்று என் விளிம்பு. அதோடு இந்தச் சக்கரம் நிற்குமா? நாளை பேரிங் உடையும். அதுவும் மலையிறக்கத்தில்தான் உடையும்.

"சத்தமில்லாமல் கிழித்தால்தானே பழி? நான் சத்தம் போடப் போகிறேன். அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே" என்றது மட்கார்டு.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு அவசரமாக ஜாம் கேட்டார்கள். எப்போதும் ஏற்றுவதைப்போல இரண்டு பங்கு பெட்டிகள். எலியேசர் ஓட்ட, எப்சிபா பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் மார்க்கெட்டைத் தாண்டி வலதுபுறம் திரும்பியது. சாலை இன்னும் சமதளம்தான். வேகமும் இல்லை. மட்கார்டு தன் பலத்தையெல்லாம் திரட்டி, நெளியாமல், விலகாமல், வந்த டயருக்கு முகம் கொடுத்து நின்றது.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல் எழுந்தது. ரப்பர் கருகும் நாற்றம் காருக்குள் வந்தது.

"மெதுவா போனா சரியாயிரும்க்கா. நாளைக்கு எப்படியும் வெட்டத்தானே போறோம்" என்றான் எலியேசர்.

"நிறுத்துடா."

"இன்னும் ஒரு மணி நேரத்துல போய்ச் சேரலைன்னா..."

"நிறுத்துன்னு சொன்னேன்!"

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். டயரின் வெளி ஓரம் சுற்றிலும் உரிந்திருந்தது. மட்கார்டின் விளிம்பில் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது, ஆனால் வளைந்திருக்கவில்லை. எப்சிபா அதை விரலால் தொட்டாள். சூடாக இருந்தது. சற்றுத் தொலைவில், சாலை இறங்கத் தொடங்கும் இடம் தெரிந்தது. அதற்கு அப்பால் மூடுபனி.

"வண்டியத் திருப்பு. மட்கார்ட வெட்ட வேண்டாம். சக்கரத்தக் கழட்டணும்" என்றாள்.

எலியேசரின் முகம் சுருங்கிவிட்டது. "ஆசையா வாங்கிக் குடுத்தேன்க்கா."

"தெரியும்டா. அதனாலதான் இத்தன நாளு பொறுத்துக்கிட்டு இருந்தேன். ஸ்டீயரிங் இழுக்குதுன்னேன், பழகிரும்னே. முன்னாடி உரசுதுன்னேன், அறுத்துப் போட்டீங்க. பின்னாடி உரசுதுன்னேன், வெட்டணும்ங்கறீங்க. எல்லாமே மாறணும், சக்கரம் மட்டும் மாறக் கூடாதா?"

அவன் காரைத் திருப்பினான். கல்யாண வீட்டுக்கு ஒரு வாடகை வேனில் ஜாம் போயிற்று. போய்ச் சேர நேரமாகிவிட்டது, அவர்கள் திட்டினார்கள். எப்சிபா திட்டை வாங்கிக்கொண்டாள்.

கனகு அந்தச் சக்கரங்களை ஓர் அகலமான ஜீப்புக்கு மாட்டி அனுப்பினார். அந்த ஜீப்பின் மட்கார்டுகள் யானைக் காது மாதிரி விரிந்தவை. அங்கே அவை யாரையும் உரசாமல் சுகமாகச் சுழன்றன. அவற்றுக்கும் உலகத்தில் ஓர் இடம் இருக்கத்தான் செய்தது.

வெள்ளைக் காருக்கு இந்த முறை சக்கரங்களைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கவில்லை. பெட்டிகளை ஏற்றிக் காரை அமுக்கி வைத்து, எலியேசரே குனிந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்தான். முதலில் இருந்த இரும்புச் சக்கரங்களைவிட அரை அங்குலம் மட்டும் அகலமான சக்கரங்கள் வந்தன. ஆஃப்செட் ஏறக்குறைய பழைய அளவுதான். அவையும் அலாய்தான், அழகாகத்தான் இருந்தன.

"இங்கே நான் எவ்வளவு தூரம் வரலாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் புதிதாக வந்த சக்கரம் உட்கார்ந்தது.

"விளிம்புக்கு உள்ளே எங்கே வேண்டுமானாலும்" என்றது மட்கார்டு.

பூட்டி முடித்தபோது கனகு வட்டமான ஓர் இரும்புத் தகட்டைக் கையில் எடுத்தார். "தம்பி, இதுக்குப் பேரு ஸ்பேசர். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல வெச்சா ஒரு விரல் வெளிய தள்ளிக் காட்டும். வெக்கட்டுமா?"

எலியேசர் அக்காவைப் பார்த்தான். எப்சிபா வாய் திறக்குமுன்பே காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"முடியாது" என்றது பேரிங்.

"முடியாது" என்றது ஸ்டீயரிங்.

துண்டு போன பிளாஸ்டிக் தகடும் காற்றில் படபடத்து அதையே சொன்னது.

மட்கார்டு பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.