சிம்மாசனம் வெளியே போன பகல்

அலைகள் வந்து கோட்டை மதிலில் மோதும் வங்கத்துறை நாட்டை வெகுகாலத்துக்கு முன்பு இடங்கழிமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ, அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அவன் சபையில் அம்பர் என்றொரு துபாஷி இருந்தார். பல தேசத்து வணிகர்களின் பேச்சை அரசனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது அவர் வேலை. அவருடைய பாட்டனார் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குடியேறியவர். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஊரார் 'அக்கரையார்' என்றே அழைத்தார்கள். அம்பர் பிறந்தது, வளர்ந்தது, பெண் கட்டியது எல்லாம் இந்தக் கரையில்தான். என்றாலும் முகத்தையும் சுருள் முடியையும் பார்த்ததுமே அரண்மனைக் காவலர்கள் கையைத் தூக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். பட்டு உடுத்திய மற்ற சபையோருக்குக் கும்பிடு மட்டும்தான்.

வாயிற்காவல் தலைவர் சேந்தனாருக்கு அம்பரைக் கண்டாலே ஆகாது. அம்பர் பேசினால் அரசன் ரசித்துச் சிரிக்கிறான் என்ற வயிற்றெரிச்சல்.

ஒருநாள் பூசையறைத் தங்க விளக்கு காணாமல் போனது. சேந்தனார் நேரே குதிரை லாயத்துக்குப் போனார். அங்கே குதிரை பழக்கும் யாகூத் என்ற அக்கரையாரின் கையைக் கட்டி, கடைவீதி வழியே "திருடன், திருடன்" என்று பறையறைந்து இழுத்துப்போய்ச் சிறையில் தள்ளினார். பிறகு சபைக்கு வந்தார்.

"அரசே, இந்த அக்கரையார் இருக்கும்வரை அரண்மனைக்குப் பாதுகாப்பில்லை. எல்லாரையும் ஊரைவிட்டே அனுப்பிவிடுங்கள்" என்றார்.

"சரி, அனுப்பிவிடு" என்றான் அரசன்.

அம்பர் எழுந்தார். "யாகூத்திடம் விளக்கு அகப்பட்டதா, சேந்தனாரே?"

"இல்லை. எங்கோ ஒளித்துவிட்டான். அவர்கள் புத்தி எனக்குத் தெரியாதா?"

"இதுவரை எத்தனை அக்கரையாரிடம் திருட்டுப் பொருளைக் கண்டுபிடித்தீர்கள்?"

சேந்தனார் மீசையைத் தடவினார்.

அம்பர் அரசனிடம் திரும்பினார். "நாளை உச்சிப்பொழுதுக்குள், இவர் காவல் இருக்கும்போதே, அரண்மனைப் பொருள் ஒன்றைத் தலைவாசல் வழியாக வெளியே அனுப்பிக் காட்டுகிறேன். முடியாவிட்டால் எங்கள் ஜனங்களோடு நானும் கப்பலேறுகிறேன். முடிந்தால் எங்களை அனுப்பும் உத்தரவை நீங்கள் திரும்பப் பெறவேண்டும்."

என்ன பொருள் என்பதை அரசன் காதில் மட்டும் சொன்னார். அரசன் குலுங்கிச் சிரித்தான். "நடக்காத காரியம், துபாஷியாரே. ஆனாலும் செய்து பாரும்."

மறுநாள் அரண்மனையில் வேலை செய்யும் அக்கரையார் எல்லாரும் வெளியே போகத் தலைவாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். முன்னால் அம்பர். சேந்தனார் காவலர்களை இரட்டித்திருந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார்கள், முடியைக் கோதினார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள். சமையல்கட்டில் வேலை செய்யும் ஒரு கிழவரின் கைத்தடியைக்கூடப் பிளந்து பார்த்தார்கள். கிழவர் கண் கலங்கினார். அம்பர் அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

அந்த நேரம் உள்ளிருந்து பட்டு வேட்டியும் சந்தனப் பூச்சுமாக உள்ளூர்க்காரர் நால்வர் வந்தார்கள். அவர்கள் தோளில் ஒரு பெரிய ஆசனம். மூடக்கூட இல்லை.

"மெருகு போடப் போகிறது" என்றார் முன்னால் வந்தவர்.

"அடேய், ஒதுங்குங்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள்" என்று அக்கரையாரை ஓரம் தள்ளி, சேந்தனாரே வழிவிட்டார்.

உச்சிப்பொழுதில் சபை கூடியது. அரசன் தோட்டத்திலிருந்து வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"அரசே, நகக்கண்ணைக்கூட விடாமல் சோதித்தேன். ஒரு துரும்பும் வெளியே போகவில்லை" என்றார் சேந்தனார்.

"அப்படியானால் நான் எதில் உட்காருவது?" என்றான் அரசன்.

அப்போதுதான் சபை நிமிர்ந்து பார்த்தது. சிம்மாசனம் இருந்த இடம் காலியாக இருந்தது. தூக்கிப்போனவர்கள் அம்பருக்குத் தெரிந்த கூத்துக்காரர்கள்.

"இந்தக் காவலர்களை என்ன செய்யலாம்?" என்று அரசன் சீறினான்.

"அவர்கள் கண்ணில் பழுதில்லை, அரசே. எங்களையே பார்க்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறீர்கள். எங்களை மட்டும் சோதித்துவிட்டு மற்றவர்கள் யோக்கியர்கள் என்றால் எப்படி?" என்றார் அம்பர்.

"பழக்கியது நான்தான்" என்றான் அரசன். ஊரைவிட்டு அனுப்பும் உத்தரவை அப்போதே ரத்து செய்தான். இனி வாசலில் எல்லாருக்கும் ஒரே சோதனை என்று ஆணையிட்டான். காவலில் அக்கரையாரையும் சேர்த்தான். முதல் ஆளாகத் தானே போய்க் கையைத் தூக்கி நின்றான். அடுத்து வெளியே கிளம்பிய அவன் மைத்துனரின் பல்லக்கில், மெத்தைக்கு அடியில் தங்க விளக்கு இருந்தது. மைத்துனர் சிறைக்குப் போனார்.

அரசனே சிறைக்கு நடந்துபோய் யாகூத்தின் கட்டை அவிழ்த்தான். கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றி நீட்டினான்.

யாகூத் வாங்கவில்லை. "என்னைக் கடைவீதியில் இழுத்துப்போனார்கள், அரசே. என் பிள்ளைகள் பார்த்தார்கள். அதே வீதியில் நான் திருடவில்லை என்று சொல்லுங்கள். அது போதும்."

அன்று மாலை யாகூத் குதிரைமேல் வர, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அரசன் நடந்தான். முன்னால் பறையோடு சேந்தனார். கடைக்காரர்கள் தராசை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

"யாகூத் குற்றமற்றவர்" என்றார் சேந்தனார், தரையைப் பார்த்தபடி.

யாகூத் குதிரையை நிறுத்தினார். "ஐயா, அன்றைக்கு இதைவிட உரக்கச் சொன்னீர்கள்."

சேந்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். இந்த முறை வீதியின் கடைசிக் கடைவரை கேட்டது.